ஸ்டெஃபான் லார்ட்: பிரிட்டன்காரர்களின் கோப்பையை இரண்டு முறை தூக்கிப்போன ஸ்வீடன்காரர்

கேள்வி இதுதான்: "ஸ்வீடனிலிருந்து பெரிய டார்ட்ஸ் ஆட்டக்காரர் யாராவது வந்திருக்கிறார்களா? ஸ்டெஃபான் லார்ட் என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. உலக சாம்பியன் பட்டியலில் அவர் இல்லையே. அப்புறம் ஏன் அவரைப் பெரிய ஆள் என்கிறார்கள்?"

நியாயமான சந்தேகம்தான். லார்ட் உலக சாம்பியன் ஆகவில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் 1978இலும் 1982இலும் அரையிறுதி வரை போனார், அதோடு சரி. ஆனால் 1978, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' போட்டியை ஜெயித்தார். அந்தப் போட்டியை பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இன்றைய கண்ணோடு பார்த்தால் இது ஏதோ ஒரு பத்திரிகை நடத்திய கோப்பை மாதிரிதான் தெரியும். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 1978இல் உலக சாம்பியன்ஷிப் என்பது அப்போதுதான் பிறந்த போட்டி. 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' கோப்பைக்கு அப்போதே ஐம்பது வயது. லண்டன் பப்களில் டார்ட்ஸ் ஆடிய ஒரு சாதாரண ஆளிடம், உனக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் லார்டின் மதிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' லண்டனில் அச்சான ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் சிக்கி 2011 ஜூலையில் இழுத்து மூடப்பட்டதே, அதே பத்திரிகைதான். 1927இல் அது லண்டன் வட்டாரத்துக்கு மட்டும் ஒரு டார்ட்ஸ் போட்டியைத் தொடங்கியது. 1930களில் அது மற்ற வட்டாரங்களுக்கும் பரவியது. 1939இல் லண்டன் ராயல் அக்ரிகல்சுரல் ஹாலில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க 14,500 பேருக்கு மேல் திரண்டார்கள். டிவி இல்லை, பெரிய திரை இல்லை. ஒரு அடி சொச்சம் அகலமுள்ள போர்டில் ஒருவர் அம்பு எறிவதை அவ்வளவு பேர் அரங்கில் உட்கார்ந்து எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்னும் வியப்புதான். போர் முடிந்தபின் 1947-48 பருவத்தில் அது தேசியப் போட்டியாக மறுபடி வந்தது. 1963 முதல் 1977 வரை இறுதி நாள் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடந்தது. 1978இல் வெம்ப்ளி அரீனாவுக்கு மாறியது. 70களின் தொடக்கத்தில் ஐடிவி அதை ஒளிபரப்ப ஆரம்பித்ததும், டார்ட்ஸ் முதல் தடவையாக பப்பிலிருந்து வரவேற்பறைக்கு வந்தது.

இந்தப் போட்டியில் யாரும் தனி ஆளாகப் பெயர் கொடுக்க முடியாது. முதலில் உங்கள் பப்பில் ஜெயிக்க வேண்டும். பிறகு அந்தப் பகுதியில், மாவட்டத்தில், வட்டாரத்தில் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஆயிரக்கணக்கான பப்களில் தொடங்கி, இறுதி நாளன்று மேடைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். சாம்பியன்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் எந்தக் கடையின் சார்பில் ஆடினார் என்பதும் இருக்கும். 1979 சாம்பியன் பாபி ஜார்ஜ் என்றால் இல்ஃபோர்டின் 'கிங் ஜார்ஜ் ஃபிஃப்த்' பப். 1981 சாம்பியன் ஜான் லோ என்றால் பில்ஸ்லியின் 'வில்லோ ட்ரீ'. வரிசையாக இப்படி இங்கிலாந்துத் தெருமுனைக் கடைகளாகப் படித்துக்கொண்டே வருகையில், நடுவில் இரண்டு இடத்தில் 'ஸ்டாக்ஹோம் சூப்பர் டார்ட்ஸ் கிளப்' என்று வரும். அதுதான் லார்ட்.

டார்ட்ஸ் ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஆட்டத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம்.

இருவருக்கும் 501 புள்ளி கொடுக்கப்படும். மாறி மாறி மும்மூன்று அம்பு எறிந்து, எடுத்ததைக் கழித்துக்கொண்டே சரியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கடைசி அம்பு கண்டிப்பாக ஒரு டபுளில், அதாவது இரு மடங்கு தரும் வெளிவிளிம்பு மெல்லிய வளையத்திலோ போர்டின் நட்டநடுப் புள்ளியிலோ, விழ வேண்டும். முதலில் முடிப்பவருக்கு ஒரு 'லெக்'. நடுவில் உள்ள இன்னொரு மெல்லிய வளையம் ட்ரிபிள், மூன்று மடங்கு தரும். எல்லோரும் குறிவைப்பது ட்ரிபிள் 20. மூன்றும் அங்கேயே விழுந்தால் 180. போர்டை வடிவமைத்த ஆள் விஷமக்காரர். 20க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. விரல் நகம் அளவு தவறினால் புள்ளி அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

ஒரு லெக் எப்படிப் போகும் என்று பாருங்கள். முதல் முறை 180, மீதி 321. அடுத்தது 140, மீதி 181. மூன்றாவது முறை 100, மீதி 81. இதுவரை ஒன்பது அம்பு. எதிராளியும் ஓரளவு நெருங்கிவிட்டார் என்று வையுங்கள். இப்போது 81ஐ இரண்டே அம்பில் முடிக்கலாம்: ட்ரிபிள் 19 விழுந்தால் 57 போய் மீதி 24, பிறகு டபுள் 12. முதல் அம்பு ட்ரிபிளைத் தவறவிட்டு வெறும் 19இல் விழுந்தால்? மீதி 62. உடனே கணக்கு மாறுகிறது: ட்ரிபிள் 10, பிறகு டபுள் 16. இரண்டாவது அம்பும் சாதாரண 10இல் விழுந்துவிட்டால் மீதி 52, கையில் ஒரே அம்பு, முடிக்க வழியில்லை. அப்போது அனுபவமுள்ளவர் 20ஐ எடுத்து 32 வைப்பார், இல்லையென்றால் 12ஐ எடுத்து 40 வைப்பார். 32க்கு ஒரு தனி மவுசு உண்டு. டபுள் 16க்கு எறிந்து உள்ளே தவறினால் மீதி 16, அதாவது டபுள் 8. அதுவும் தவறினால் டபுள் 4, பிறகு டபுள் 2, பிறகு டபுள் 1. பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போகலாம், நடுவில் ஒற்றைப்படை எண் குறுக்கே வராது.

இந்தக் கணக்கெல்லாம் எதிராளி பின்னால் நிற்க, ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் மண்டைக்குள் ஓட வேண்டும். புள்ளி குவிக்கிற கை பலருக்கு உண்டு. டபுளில் நடுங்காத கைதான் அபூர்வம்.

'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' போட்டிக்கு வருவோம். அதற்கு இரண்டு தனி விதி இருந்தது, இரண்டும் கொடுமையானவை.

முதலாவது, தூரம். இன்று உலகம் முழுக்க எறியும் கோடு போர்டிலிருந்து 7 அடி 9¼ அங்குலம், அதாவது 2.37 மீட்டர். இந்தப் போட்டியிலோ முழுசாக 8 அடி, 2.44 மீட்டர். ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு வித்தியாசமா என்று தோன்றும். வருஷக்கணக்கில் ஒரே தூரத்துக்குக் கையைப் பழக்கியவருக்கு அது பெரிய தொல்லை. அம்பு போகும் வளைவு மாறும், நுனி கொஞ்சம் தாழ்ந்து விழும், ட்ரிபிள் 20க்குப் போட்டது கீழே சாதாரண 20இல் குத்தி நிற்கும்.

இரண்டாவது, ஆட்டத்தின் நீளம். மூன்று லெக், அதில் இரண்டு எடுத்தவர் வெற்றி. முதல் சுற்று முதல் இறுதி ஆட்டம் வரை இதேதான். ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சூடு பிடிப்பதற்குள் மேடையை விட்டு இறங்கியிருப்பீர்கள்.

இதை வைத்துத்தான் சிலர், "அது லாட்டரி, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்று லார்டின் வெற்றியை மட்டம் தட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிராளியைவிட நீங்கள் தெளிவாக மேலானவர், பத்து லெக்கில் ஆறு உங்களுக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 11 லெக் எடுப்பவர் வெற்றி என்ற நீண்ட ஆட்டத்தில் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 82 போல வரும். மூன்றில் இரண்டு என்றால் அது 65க்கு இறங்கிவிடும். சரி, தற்செயலின் பங்கு கூடுகிறது, உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட நான்கு ஆட்டத்தை வரிசையாக ஜெயிக்க வேண்டும் என்றால் வாய்ப்பு 18க்குக் கீழே. அதை ஒருமுறை செய்துவிட்டு, இன்னொரு ஆண்டும் செய்ய வேண்டும் என்றால் நூற்றுக்கு மூன்று. அதாவது குருட்டதிர்ஷ்டத்தில் ஒருமுறை கோப்பை கிடைக்கலாம், மூன்று ஆண்டுக்குள் இரண்டு முறை கிடைக்காது. இரண்டு முறை ஜெயித்தவர்களில் சிலரைப் பாருங்கள்: டாமி கிப்பன்ஸ், டாம் பாரெட், லார்ட், எரிக் பிரிஸ்டோ, பாபி ஜார்ஜ், மைக் கிரெகரி. பிரிஸ்டோ ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவர். இவர்களில் யாரையும் லாட்டரிக்காரர் என்று சொல்லிவிட முடியுமா?

கிரிக்கெட் பழகிய நமக்கு டி20, டெஸ்ட் வித்தியாசம் மாதிரி என்று சொன்னால் புரியும். ஒன்றில் கோப்பை வாங்கியவரை மற்றொன்றின் அளவுகோலால் அளக்கக் கூடாது.

இனி ஸ்வீடன் பக்கம். லார்ட் 1954இல் பிறந்தவர். அவர் வளர்ந்த ஸ்வீடனில், இங்கிலாந்தில் போல, தெருவுக்கு ஒரு பப், பப்புக்கு ஒரு போர்டு என்ற வழக்கம் கிடையாது. மது விஷயத்தில் அந்த நாடு கறாரானது. பாட்டில் சரக்கு வாங்க வேண்டுமானால் சிஸ்டம்போலாகெட் என்ற அரசுக் கடைக்குத்தான் போக வேண்டும், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். 1965இல் 'மெல்லன்ஓல்' என்ற நடுத்தர வீரியமுள்ள பீரை மளிகைக் கடைகளிலேயே விற்கலாம் என்று தளர்த்தினார்கள். பிள்ளைகள் குடித்துக் கெடுகிறார்கள் என்ற கூச்சல் பெரிதாகி, 1977இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இதற்கு நடுவில்தான் லார்ட் வயதுக்கு வந்து ஆடப் பழகிய காலம் வருகிறது.

அங்கே இந்த ஆட்டம் கிளப்புகளைச் சுற்றி வளர்ந்தது. இங்கிலாந்துக்காரருக்கு டார்ட்ஸ் என்பது தாத்தா காலத்திலிருந்து கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒன்று. பீரை வைத்துவிட்டு எழுந்து நாலு அம்பு எறிந்துவிட்டு வருவார். ஸ்வீடன்காரருக்கு அது வெளியிலிருந்து வந்த ஒரு விளையாட்டு. டேபிள் டென்னிஸ் கற்றுக்கொள்வதுபோல, போய்ச் சேர்ந்து, சந்தா கட்டி, பயிற்சி எடுத்து ஆடியது. இது என் ஊகம்தான், ஆனாலும் சொல்கிறேன்: 8 அடி தூரத்தையும் மூன்று லெக் பதற்றத்தையும் லார்ட் சலனமில்லாமல் தாண்டியதில் இந்தக் கிளப் பழக்கத்துக்குப் பங்கு இருந்திருக்கும். ஆட்டத்தைத் தன் பிறப்புரிமையாக நினைக்காதவர்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கும்.

நிர்வாகமும் அப்போதுதான் கூடிவந்தது. ஒல்லி கிராஃப்ட் 1973இல் லண்டனில் பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பைத் தொடங்கினார். 1976இல் உலக டார்ட்ஸ் கூட்டமைப்பு உருவானது. 1977இல் முதல் உலகக் கோப்பை நடந்து வேல்ஸ் ஜெயித்தது. அடுத்து வந்ததுதான் உலக சாம்பியன்ஷிப்.

1978 பிப்ரவரி, நாட்டிங்ஹாம். 'ஹார்ட் ஆஃப் தி மிட்லண்ட்ஸ்' என்ற இரவு விடுதியில், எம்பஸி சிகரெட் நிறுவனம் பணம் கொடுக்க, 16 பேர் ஆடினார்கள். பிபிசி படம் பிடித்தது. மேடையிலேயே சிகரெட்டும் பீரும் தாராளமாக ஓடிய காலம். பரிசுத் தொகையைச் சொன்னால் இன்றைய ரசிகர்கள் சிரிப்பார்கள்: சாம்பியனுக்கு 3,000 பவுண்ட்.

அந்தப் போட்டியில் எல்லோருக்கும் நினைவிருப்பது இரண்டு சங்கதி. ஒன்று, முதல் இடத்துக்குரியவர் என்று கருதப்பட்ட 20 வயது எரிக் பிரிஸ்டோ, அமெரிக்காவின் கான்ராட் டேனியல்ஸிடம் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போனது. மற்றொன்று, லெய்டன் ரீஸ் காலிறுதியில் அலன் எவன்ஸுக்கு எதிராகப் பத்தே அம்பில் ஒரு லெக்கை முடித்தது. அந்த ரீஸ்தான் கடைசியில் ஜான் லோவை 11-7 என்று ஜெயித்து முதல் உலக சாம்பியன் ஆனார்.

யாரும் அதிகம் பேசாத மூன்றாவது சங்கதி, அரையிறுதியில் நின்ற நால்வர் யார் என்பது. ரீஸ் வேல்ஸ்காரர், லோ இங்கிலாந்துக்காரர். மற்ற இருவர், தாய்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்காக ஆடிய நிக்கி விராச்குல், ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த லார்ட். முதல் உலக சாம்பியன்ஷிப்பிலேயே கடைசி நால்வரில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள்! லார்ட், லோவிடம் தோற்றார். 23 வயதுப் பையன், 32 வயது லோவிடம். லோ உணர்ச்சியே காட்டாமல் இயந்திரம் போல எறிகிற ஆள். அவரிடம் தோற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அதே ஆண்டு லார்ட் வெம்ப்ளி மேடையில் ஏறினார். இறுதியில் எதிரே ஜான் கவர்ட். லார்ட் ஜெயித்தார், கோப்பை முதல் தடவையாகக் கடல் தாண்டிப் போனது. லண்டனில் தொடங்கி ஐம்பது ஆண்டாக பிரிட்டன்காரர்கள் மட்டுமே எடுத்துவந்த ஒன்று அது. கால்பந்தில் 1953இல் அதே வெம்ப்ளியில் ஹங்கேரி வந்து இங்கிலாந்தை அடித்துப் போட்டதை ஆங்கிலேயர்கள் இன்றும் பேசுவார்கள். டார்ட்ஸில் நடந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

1979இல் அந்தப் பட்டம் பாபி ஜார்ஜிடம் போனது. மினுமினுக்கும் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் அமர்க்களம் செய்த மனிதர். ஆட்டமும் அப்படித்தான்: இறுதி நாளில் ஒரு லெக்கைக்கூட விடாமல் கோப்பையை எடுத்தார். இறுதியில் தோற்றவர் அலன் கிளேசியர். இப்படி ஒருவர் வந்த பிறகு, முந்தைய ஆண்டு ஜெயித்த அமைதியான ஸ்வீடன்காரரை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

1980இல் லார்ட் திரும்பி வந்தார். இந்த முறை இறுதியில் டேவ் விட்கம். அப்போது விட்கம் பெயர் பரவலாகத் தெரியாது. பின்னாளில் அவர் செய்ததைப் பார்த்தால்தான் லார்ட் யாரை ஜெயித்தார் என்று விளங்கும். 1982இலும் 1985இலும் உலக மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு பெரிய போட்டியின் பட்டம். 1984இலும் 1986இலும் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், இரண்டிலும் பிரிஸ்டோவிடம் தோல்வி. 1989இல் அதே 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' கோப்பை. முதல் வெற்றி தற்செயல் என்று யாராவது அப்போது நினைத்திருந்தால், 1980 அதைத் துடைத்துப் போட்டுவிட்டது. என்னைக் கேட்டால் லார்டின் இரண்டு பட்டங்களில் இதுதான் கனமானது.

சாம்பியன்கள் பட்டியலைத் தேடுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இந்தப் போட்டி பருவக் கணக்கில் நடந்தது. சில இடங்களில் 1977-78, 1979-80 என்று இருக்கும், சில இடங்களில் 1978, 1980 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இதை நான்கு பட்டமாக எண்ணிவிட வேண்டாம்.

அடுத்த பெரிய வாய்ப்பு 1982 உலக சாம்பியன்ஷிப். அதற்குள் போட்டி ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் 'ஜாலிஸ்' என்ற அரங்குக்கு மாறியிருந்தது, ஆட்டமும் செட் கணக்குக்கு வந்துவிட்டது. கடைசி நால்வரில் ஜாக்கி வில்சன், ஜான் லோ, பாபி ஜார்ஜ், லார்ட். ஸ்காட்லாந்தின் ஜாக்கி வில்சனிடம் லார்ட் தோற்றார். வில்சன் அங்கிருந்து லோவையும் ஜெயித்து சாம்பியன் ஆனார். லார்ட் அதன்பிறகும் அந்த மேடைக்கு வந்தார், ஆனால் அவ்வளவு தூரம் போகவில்லை.

இப்போது கேள்வியின் உண்மையான பகுதிக்கு வருகிறேன். இத்தனை செய்தவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை?

முதல் காரணம், கோப்பையே செத்துப்போனது. உலக சாம்பியன்ஷிப்பின் பணமும் பிபிசியின் வெளிச்சமும் வளர வளர, இறுதிக் கட்டம் ஒரே நாளில் முடிகிற இந்தப் பழைய போட்டி பின்னுக்குப் போனது. ஐடிவியின் 'வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்' நிகழ்ச்சி 1985இல் நின்றது. 80களின் முடிவில் டார்ட்ஸ் ஏறக்குறைய டிவியை விட்டே போய்விட்டது. 1990இல் பால் குக் ஜெயித்ததோடு போட்டி நின்றது. 1997இல் ஒரே ஒருமுறை உயிர் கொடுத்துப் பார்த்தார்கள், ஃபில் டெய்லர் ஜெயித்தார், அத்தோடு கதை முடிந்தது. நடக்காத போட்டியின் சாம்பியனை யார் நினைவில் வைப்பார்கள்? உலக சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் வருகிறது. வரும்போதெல்லாம் பழைய பெயர்களைத் தூசி தட்டி எடுப்பார்கள், ரீஸின் பத்து அம்பு லெக்கை மறுபடி காட்டுவார்கள். லார்டின் பெயரை எடுக்க அப்படி ஒரு நாள் இல்லை.

இரண்டாவது காரணம் அவருடைய சொந்த ஊரிலேயே இருந்தது, அதன் பெயர் பியான் போர்க். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து விம்பிள்டன் ஜெயித்தவர். லார்ட் ஜெயித்த இரண்டு ஆண்டும் அதற்குள் வருகின்றன. 1980 என்றால் மெக்கன்ரோவுடன் ஆடிய அந்த 18-16 டைபிரேக் இறுதி ஆட்டம். போதாததற்குப் பனிச்சறுக்கில் இங்கெமார் ஸ்டென்மார்க், 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இரட்டைத் தங்கம். லார்டும் போர்க்கும் ஒரே லண்டன் நகரத்தில், அதே ஆண்டுகளில், ஆங்கிலேயர்கள் தங்கள் சொத்து என்று நினைத்த பட்டங்களை எடுத்தார்கள். ஒருவர் படம் உலகம் முழுக்கச் சுவரில் ஒட்டப்பட்டது. மற்றவர் படத்தை இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடன் பத்திரிகைகளைக் குறை சொல்லவும் முடியாது. போர்க் மாதிரி ஒருவர் இருக்கும்போது, புகை மண்டிய மண்டபத்தில் அம்பு எறிந்தவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

மூன்றாவது, டார்ட்ஸ் அப்போது வேடிக்கை மனிதர்களின் ஆட்டமாக மாறிக்கொண்டிருந்தது. பிரிஸ்டோவின் திமிர், வில்சனின் பொக்கை வாய்ச் சிரிப்பு, ஜார்ஜின் மினுக்குச் சட்டை, இதெல்லாம் டிவிக்குத் தீனி. லார்ட் ஆடிவிட்டு ஊருக்கு விமானம் ஏறுகிறவர். பிரிட்டனில் வாரம் முழுக்கப் பப் பப்பாகக் காட்சி ஆட்டம் ஆடித்தான் அந்தக் காலத் தொழில்முறை வீரர்கள் காசு பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இருந்த அந்தச் சந்தை அவருக்கு இல்லை.

ஸ்வீடன் டார்ட்ஸ் அவரோடு முடிந்துவிடவில்லை. மேக்னஸ் காரிஸ் போன்றவர்கள் அடுத்து வந்து உலக சாம்பியன்ஷிப் மேடையில் ஏறினார்கள். டேனியல் லார்சன், டென்னிஸ் நில்சன் ஜோடி நாட்டுக்காக உலகக் கோப்பை ஆடியது. நார்டிக் நாடுகளுக்கும் பால்டிக் நாடுகளுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு போட்டித் தொடர் நடக்கிறது. அதில் மேலே வந்தால் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பில் இடம் கிடைக்கும். ஆமாம், அதே அலெக்சாண்ட்ரா பேலஸ்தான். லார்ட் ஜெயிப்பதற்கு முந்தின ஆண்டு பழைய போட்டி விட்டுப்போன அரங்கத்துக்கு, பிடிசி என்ற, பிரிந்துபோன இன்னொரு அமைப்பு நடத்தும் புதிய உலக சாம்பியன்ஷிப் 2007 டிசம்பரில் குடிபுகுந்தது.

ஸ்வீடிஷ் ஓப்பன் என்ற போட்டியும் வரலாற்றில் ஒரு விசித்திரமான காரணத்துக்காக இடம் பிடித்திருக்கிறது. 1986இல் அங்கே ஆடிக்கொண்டிருந்தபோதுதான் பிரிஸ்டோவுக்குக் கையை விட்டு அம்பு போகாமல் போனது. 'டார்ட்டைட்டிஸ்' என்று சொல்கிறார்களே, அதுதான். விரலைத் திற என்று மூளை சொல்லும், விரல் திறக்காது. ஐந்து உலகப் பட்டங்களோடு உச்சத்தில் இருந்தவர் அதன்பிறகு பழைய பிரிஸ்டோவாக ஆகவே இல்லை.

கடைசியாக, லார்ட் எவ்வளவு முந்திக்கொண்டார் என்பதற்கு மூன்று தேதி தருகிறேன். உலக சாம்பியன்ஷிப்பை பிரிட்டனுக்கு வெளியிலிருந்து முதலில் ஜெயித்தவர் கனடாவின் ஜான் பார்ட், 1994. உலக மாஸ்டர்ஸை அப்படி முதலில் ஜெயித்தவர் பெல்ஜியத்தின் எரிக் கிளாரிஸ், 1995. நெதர்லாந்தையே டார்ட்ஸ் பைத்தியமாக்கிய ரேமண்ட் வான் பார்னவெல்ட் முதல் தடவை உலக சாம்பியன் ஆனது 1998. லார்ட் வெம்ப்ளியில் கோப்பையைத் தூக்கியபோது வான் பார்னவெல்டுக்கு வயது 11.